65 வயதில் தனியாக உலகைச் சுற்றியவர்



மாலை நேரத்தில் நம் வளாகத்தின் நடைபாதையில் நடப்பவர்களில் 65 வயதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர். வீட்டில் அவர்களுக்குத் தினமும் சொல்லப்படுவது என்ன என்று உங்களுக்கும் தெரியும். மாடிப்படி வேண்டாம், ஸ்கூட்டரைத் தொட வேண்டாம், தனியாக ஊருக்குக் கிளம்ப வேண்டாம். உங்களில் சிலர் இதைச் சொல்பவர்கள், சிலர் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். இந்த இதழில் நான் சொல்லப்போகும் பிரான்சிஸ் சிசெஸ்டரின் வாழ்க்கையை இரண்டு தரப்பாரும் படிக்கலாம். 1966-ல் அவர் இங்கிலாந்திலிருந்து ஒரு பாய்மரப் படகில் தனி ஆளாகப் புறப்பட்டு உலகைச் சுற்றி வந்தார். கிளம்பிய மூன்றாவது வாரம் அவருக்கு 65 வயது நிறைந்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

சாகசக்காரர் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். எனக்கு அவரைவிட, அவரைப் போகவிட்டவர்கள் மேல்தான் ஆர்வம். ஒரு மனைவி, ஒரு மகன், பணம் கொடுத்த ஓர் உறவினர், பிளிமத்திலும் சிட்னியிலும் இருந்த இரண்டு பாய்மரப் படகுச் சங்கங்கள். கதையில் இவர்கள் வரும் இடங்களைக் கவனித்துக்கொண்டே படியுங்கள்.

சிசெஸ்டர் பிறந்தது 1901 செப்டம்பர் 17. இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியில், பார்ன்ஸ்டபிள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஷெர்வெல் கிராமத்துப் பாதிரியாரின் மகன். அப்பா கண்டிப்பானவர், பாசத்தை வெளியே காட்டாதவர். சின்ன வயதிலேயே விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். பையன் பெரும்பாலும் தனியாகவே திரிந்து வளர்ந்தான். கண் பார்வையும் மோசம், கடைசிவரை தடிமனான கண்ணாடி. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 18 வயதில் நியூசிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கையில் 10 பவுண்டு. அங்கே கிடைத்த வேலையெல்லாம் செய்தார். பிறகு ஒரு கூட்டாளியோடு மனை வாங்கி விற்பது, மரம் வளர்ப்பது என்று இறங்கி நன்றாகவே சம்பாதித்தார். 1930-களின் பொருளாதார வீழ்ச்சி அதில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. முதல் திருமணமும் நிலைக்கவில்லை.

அதற்குள் அவருக்கு ஆகாயத்தின் மேல் மோகம் வந்துவிட்டது. 1929-ல் இங்கிலாந்து வந்து விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, 'ஜிப்ஸி மாத்' என்ற சின்ன விமானம் ஒன்றை வாங்கினார். இரண்டு அடுக்கு இறக்கை, ஒற்றை எஞ்சின், தலைக்கு மேல் கூரை கிடையாது. அந்த ஆண்டு டிசம்பரில் கிளம்பி, 1930 ஜனவரி கடைசியில் சிட்னியில் இறங்கினார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த இரண்டாவது ஆள் அவர். பிற்காலத்தில் தன் படகுகளுக்கெல்லாம் இந்த விமானத்தின் பெயரையே வைத்தார்.

அடுத்த ஆண்டு அவர் செய்த காரியத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பது அதில்தான் தெரியும். நியூசிலாந்திலிருந்து டாஸ்மன் கடலைத் தாண்டி ஆஸ்திரேலியா போக வேண்டும். அவ்வளவு தூரத்துக்கு வேண்டிய பெட்ரோலை அந்த விமானம் சுமக்காது. எனவே சக்கரத்துக்குப் பதிலாக மிதவைகளைப் பொருத்தி, நடுவில் இரண்டு குட்டித் தீவுகளில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொள்ளலாம் என்று திட்டமிட்டார். முதல் தீவு நார்ஃபோக். நியூசிலாந்தின் வடமுனையிலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல். தீவின் நீளமோ சுமார் 8 கிலோமீட்டர்தான். அந்தக் காலத்தில் வழிகாட்டும் கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காற்று கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் தீவு தென்படாமலே போய்விடும். வலப்பக்கம் தேடுவதா, இடப்பக்கம் தேடுவதா என்று யோசிப்பதற்குள் பெட்ரோல் தீர்ந்துவிடும்.

அவர் கண்ட வழி இது. தீவை நோக்கி நேராகப் பறக்காமல், வேண்டுமென்றே ஒரு பக்கமாகத் தள்ளிப் பறந்தார். சூரியனின் உயரத்தை அளந்து கணக்குப் போட்டு, குறிப்பிட்ட கோட்டுக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்ததும் திரும்பினார். எந்தப் பக்கம் தள்ளி வந்தோம் என்பது அவருக்கே தெரியும் என்பதால், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. இருட்டில் வயல்வழியாக நடந்து மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு வீட்டைத் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு நேராகப் போனால், ரோட்டில் ஏறியதும் வீடு இடப்பக்கமா வலப்பக்கமா என்று திணறுவீர்கள். ஆரம்பத்திலேயே இடப்பக்கமாக ஒதுங்கி நடந்தால், ரோட்டில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கம் திரும்பலாம். இந்த எளிய யோசனையை ஒற்றைக் கையால் விமானத்தை ஓட்டிக்கொண்டு, மறு கையில் அளவுக் கருவியை வைத்துக்கொண்டு, துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுச் செய்து முடித்தார். தீவு கிடைத்தது.

இரண்டாவது தீவான லார்ட் ஹோவில் ஓர் இரவு புயற்காற்று அடித்து விமானம் தண்ணீரில் கவிழ்ந்து நொறுங்கிவிட்டது. அது ஒரு சிறிய தீவு, பட்டறை கிடையாது. தீவு மக்களின் உதவியோடு வாரக்கணக்கில் ஒவ்வொரு பாகமாகப் பிரித்து, காயவைத்து, மீண்டும் பூட்டினார். அவர்கள் கைகொடுத்ததால்தான் மிச்சக் கடலையும் கடந்தார். டாஸ்மன் கடலைக் கிழக்கிலிருந்து மேற்காகத் தனியாகக் கடந்த முதல் ஆள் என்று புத்தகங்களில் போடுகிறார்கள். அந்தத் தீவுக்காரர்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே 1931-ல் ஜப்பான் வரை போய், அங்கே ஒரு துறைமுகத்தின் மேல் கட்டியிருந்த கம்பிகளில் மோதி விழுந்து, பலத்த காயத்தோடு உயிர் பிழைத்தார்.

1937-ல் ஷீலா கிரேவனை மணந்தார். இரண்டாம் உலகப் போர் வந்தபோது, வயதையும் பார்வையையும் காட்டி விமானப்படை அவரைப் பறக்க அனுமதிக்கவில்லை. மற்ற விமானிகளுக்கு வழி கண்டுபிடிக்கும் முறையைக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருந்தார். போர் முடிந்ததும் அரசாங்கத்திடம் மிஞ்சிப்போன வரைபடங்களில் 15,000-ஐ வாங்கி, அட்டையில் ஒட்டித் துண்டுகளாக வெட்டி, பிள்ளைகள் சேர்த்து விளையாடும் புதிராக விற்றார். அதிலிருந்து வளர்ந்ததுதான் லண்டனில் அவர் நடத்திய வரைபடப் பதிப்பகம். மகன் கைல்ஸ் பிறந்தான். சாதாரணக் குடும்ப வாழ்க்கை, சாதாரணக் கடன் தொல்லைகள்.

1953-ல், 52 வயதை நெருங்கும்போதுதான் முதல் பாய்மரப் படகை வாங்கினார். இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். உலகத்தின் மிகப் பெரிய பாய்மர வீரர்களில் ஒருவர் என்று பிறகு பெயர் வாங்கியவர், நம்மில் பலர் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கத் தொடங்கும் வயதில்தான் அந்தத் தொழிலின் அரிச்சுவடியைக் கற்றார்.

1958-ல் நோய் வந்தது. நுரையீரல் புற்றுநோய், நுரையீரலை எடுத்தாக வேண்டும் என்றார்கள். இந்த உடம்பு அறுவை சிகிச்சையைத் தாங்காது என்று ஷீலா மறுத்துவிட்டார். பிரார்த்தனையிலும் காய்கறி உணவிலும் நம்பிக்கை உள்ளவர் அவர். கணவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார், தென் பிரான்ஸுக்கு அழைத்துப்போனார். மெல்ல மெல்ல அவர் எழுந்து உட்கார்ந்தார். அது உண்மையில் புற்றுநோய்தானா என்று பிற்காலத்தில் சந்தேகப்பட்டவர்களும் உண்டு. இதைப் படித்துவிட்டு யாரும் டாக்டர் எழுதிக்கொடுத்த ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். நான் சொல்ல வருவது ஷீலாவைப் பற்றி. பெரிய டாக்டர்கள் சொன்னதை எதிர்த்து நிற்கும் துணிவு அந்த அம்மாளுக்கு இருந்தது. பின்னால் வரப்போகும் எட்டு ஆண்டுகளில் அந்தத் துணிவு இன்னும் பெரிய சோதனைகளைச் சந்தித்தது.

உடம்பு தேறிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் லண்டனில் தன் படகுச் சங்கத்துக்குப் போனார். அங்கே நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம். பிளாண்டி ஹாஸ்லர் என்ற முன்னாள் கடற்படை வீரர் ஒட்டியது. ஒரு படகுக்கு ஓர் ஆள் வீதம், அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்கு ஒரு பந்தயம், யார் வருகிறீர்கள் என்று கேட்டிருந்தார். நம் பிளாக் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறவற்றை யார் படிக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும் கமிட்டி நண்பர்கள் ஆறுதல் அடையலாம். ஒருவர் படித்தார்.

இந்தப் பந்தயத்தை நடத்த முதலில் ஆள் கிடைக்கவில்லை. இது தற்கொலை முயற்சி, பொறுப்பான யாரும் இதற்குத் துணைபோகக் கூடாது என்பதுதான் பலரின் கருத்து. யாருமே ஆதரிக்காவிட்டால் ஆளுக்கு அரை கிரவுன் நாணயம் பந்தயம் கட்டிக்கொண்டு நாமே போய்விடுவோம் என்று இவர்கள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் 'அப்சர்வர்' ஞாயிறு பத்திரிகை பணம் தர முன்வந்தது. பிளிமத்தில் 1827 முதல் இருக்கும் ராயல் வெஸ்டர்ன் யாட் கிளப் பந்தயத்தைத் தொடங்கிவைக்க ஒப்புக்கொண்டது.

அப்படி ஒப்புக்கொள்வது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறீர்கள். 58 வயதுக்காரர், நோயிலிருந்து அப்போதுதான் எழுந்தவர், 3,000 மைல் கடலைத் தனியாகத் தாண்டப் போகிறேன், கொடியை இறக்கித் தொடங்கிவையுங்கள் என்று கேட்கிறார். ஏதாவது நடந்துவிட்டால் நாளைக்குப் பத்திரிகையில் உங்கள் சங்கத்தின் பெயர்தான் வரும். நம் நீச்சல் குளத்துக்கு நேரக் கட்டுப்பாடு போடவே நாம் எத்தனை கூட்டம் நடத்துகிறோம்! பிளிமத் சங்கத்தார் விதிமுறைகளை எழுதினார்கள், கோடு போட்டார்கள், நேரம் குறித்தார்கள், பீரங்கி வெடித்தார்கள். மற்றது கடலோடியின் பொறுப்பு. ஹாஸ்லரின் கொள்கையும் அதுதான். தானாகப் போனவன் பிறருக்கு ஆபத்து வைத்து உதவி கேட்கக் கூடாது என்று அவர் உறுதியாக நினைத்தார். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1960 ஜூனில் ஐந்து பேர் கலந்துகொண்டார்கள். சிசெஸ்டர் 40 நாளில் நியூயார்க் சேர்ந்து வென்றார். கரையில் ஷீலா காத்திருந்தார். ஹாஸ்லர் 48 நாளில் இரண்டாவதாக வந்தார். 1962-ல் பந்தயம் இல்லாமலே மறுபடி தனியாகப் போய் 33 நாளாகக் குறைத்தார். 1964 பந்தயத்தில் 30 நாளுக்குள் முடித்தும், எரிக் தபார்லி என்ற இளம் பிரெஞ்சுக்காரர் 27 நாளில் முடித்து முதலிடத்தைத் தட்டிக்கொண்டு போனார்.

தோற்றவர் வீட்டில் உட்காரவில்லை, இன்னும் பெரிதாக யோசித்தார். 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கம்பளி ஏற்றிவந்த வேகமான பாய்மரக் கப்பல்கள் இங்கிலாந்து சேர 100 நாளுக்கு ஒட்டி எடுத்துக்கொண்டன. அவை பெரிய மாலுமிக் கூட்டம் ஓட்டிய கப்பல்கள். அதே பாதையில், ஒரே இடத்தில் மட்டும் நின்று, போக 100 நாள், வர 100 நாள் என்று உலகைச் சுற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டார். நன்னம்பிக்கை முனைக்குக் கீழே போய், சிட்னியில் நின்று, தென் அமெரிக்காவின் தெற்கு நுனியான கேப் ஹார்னைச் சுற்றித் திரும்ப வேண்டும். காற்றும் அலையும் தடுக்க நிலமே இல்லாமல் பூமியைச் சுற்றிவரும் தென்கடல் அது. பெரிய கப்பல்களே காணாமல் போன இடம்.

படகுக்கு வேண்டிய பெரும்பணத்தை உறவினரான டல்வர்ட்டன் பிரபு கொடுத்தார். கம்பளி வணிக அமைப்பு, மதுபான நிறுவனம், பத்திரிகைகள் ஆகியவையும் உதவின. ஜான் இல்லிங்வொர்த், ஆங்கஸ் பிரிம்ரோஸ் இருவரும் வடிவமைத்த 'ஜிப்ஸி மாத் 4', 53 அடி நீளம். 1966 மார்ச்சில் தண்ணீரில் இறக்கும் நாளே சகுனம் சரியில்லை. ஷாம்பெயின் புட்டி முதல் அடியில் உடையவில்லை. படகு சறுக்குப் பாதையில் பாதியில் நின்றுவிட்டது. சிசெஸ்டரே குதித்துப் போய்த் தோள் கொடுத்துத் தள்ளினார். தண்ணீரில் இறங்கிய படகு, சின்ன அலைக்கே தொட்டில்போல் ஆடியது. எடை சேர்த்தும் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் படுத்துக்கொண்டது. இந்தப் படகை அவர் கடைசிவரை திட்டிக்கொண்டே இருந்தார். வடிவமைத்தவர்களைத் தன் புத்தகத்திலும் விடவில்லை. அதில் கொஞ்சம் நியாயமும் நிறைய எரிச்சலும் இருந்தது. தன் படகைத் திட்டிக்கொண்டே அதில் உலக சாதனை செய்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

1966 ஆகஸ்ட் 27 காலை பிளிமத்தில் ராயல் வெஸ்டர்ன் சங்கத்தின் பீரங்கி வெடித்தது. படகு கோட்டைத் தாண்டியது. செப்டம்பர் 17 அன்று, நடுக்கடலில், வெல்வெட் கோட்டு போட்டுக்கொண்டு தன் 65-ஆவது பிறந்தநாளைத் தானே கொண்டாடினார். பச்சைக் கீரைக்காகப் படகுக்குள்ளேயே விதை முளைக்கப் போட்டு வளர்த்தார். நவம்பரில், சிட்னிக்கு இன்னும் 2,000 மைலுக்கு மேல் இருக்கும்போது, தானாகத் திசை பிடிக்கும் சாதனம் முறிந்துவிட்டது. தனியாகப் போகும் படகில் அது இரண்டாவது மாலுமி மாதிரி. அது இல்லாவிட்டால் தூங்கவே முடியாது. பக்கத்துத் துறைமுகத்துக்குத் திரும்பிவிடலாம் என்று முதலில் முடிவு செய்தவர், பிறகு ஒரு சின்னப் பாயைக் கயிறுகளால் சுக்கானோடு பிணைத்து, காற்றையே படகை ஓட்டவைத்தார். டிசம்பர் 12 அன்று சிட்னி. 107 நாள். ஏழு நாள் தாமதம்.

இறங்கியபோது அவரைப் பார்த்தவர்கள் பயந்துபோனார்கள். மெலிந்து, நடுங்கிக்கொண்டு, மனைவியும் மகனும் இரு பக்கமும் தாங்கிப் பிடித்த நிலையில் இருந்தார். கேப் ஹார்ன் போகவே கூடாது என்று கடலில் பழுத்த அனுபவம் உள்ளவர்களே பகிரங்கமாக வேண்டிக்கொண்டார்கள். ஷீலாவுக்கும் இதே நெருக்கடிதான். நீங்கள் சொன்னால் கேட்பார், தடுத்து நிறுத்துங்கள் என்று கேட்டவர்கள் பலர். அவர் தடுக்கவில்லை. கணவர் எதற்காகக் கிளம்பினார் என்று தெரிந்தவர், பாதியில் நிறுத்தினால் வீட்டில் எப்படிப்பட்ட மனிதர் உட்கார்ந்திருப்பார் என்பதும் தெரிந்தவர். கைல்ஸும் தடுக்கவில்லை.

ராயல் சிட்னி யாட் ஸ்குவாட்ரன் என்ற சங்கம் அவருக்கு இடம் கொடுத்தது. இந்த இடத்தில்தான் ஒரு சங்கத்தின் ஆதரவு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. பாராட்டு விழா, பொன்னாடை எல்லாம் சுலபம். சிட்னிக்காரர்கள் படகைக் கரையேற்றினார்கள். வார்விக் ஹூட், ஆலன் பெய்ன் என்ற இரண்டு படகு வடிவமைப்பாளர்கள் குறையை ஆராய்ந்தார்கள். படகு கவிழாமலும் பக்கவாட்டில் நழுவாமலும் காப்பது அடியில் இறங்கியிருக்கும் கனமான அடிக்கட்டை. அதன் வடிவத்தை மாற்றி, பின்பக்க இடைவெளியை அடைத்து நீட்டினார்கள். திசை பிடிக்கும் சாதனம் பலப்படுத்தப்பட்டது. அவர் போகக் கூடாது என்று உள்ளுக்குள் நினைத்தவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம். போவதென்றால் ஒழுங்கான படகில் போகட்டும் என்று வேலையில் இறங்கினார்கள். சிட்னியில் இருக்கும்போதே அவருக்கு 'சர்' பட்டம் அறிவிக்கப்பட்டது.

1967 ஜனவரி 29 அன்று, புயல் எச்சரிக்கை இருந்தும், கிளம்பிவிட்டார். மறுநாள் இரவே டாஸ்மன் கடலில் படகு கவிழ்ந்தது. படுக்கையில் இருந்தவர் மேல் தட்டு, புட்டி, கத்தி எல்லாம் இருட்டில் வந்து விழுந்தன. படகு தானாக நிமிர்ந்தது. மாற்றியமைத்த அடிக்கட்டை அதற்கு எவ்வளவு உதவியது என்பதைப் பொறியாளர்கள்தான் சொல்ல வேண்டும். உள்ளே தண்ணீர், உடைந்த கண்ணாடி, அழுக்கு. எல்லாவற்றையும் வாரிக்கொட்டிவிட்டு, பொருட்கள் கூரையில் பட்ட தடங்களை வைத்துப் படகு எத்தனை பாகை சாய்ந்தது என்று கணக்குப் போட உட்கார்ந்தார்! 130-க்கு மேல் வந்தது. 90 என்றால் பாய்மரம் தண்ணீரைத் தொடும். அதற்கும் கீழே, ஏறக்குறைய தலைகீழ். சிட்னி அப்போது பக்கத்தில்தான் இருந்தது. திரும்பினால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். முன்னே போனார்.

மார்ச் 20 அன்று கேப் ஹார்னைச் சுற்றினார். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் ஒன்று தொலைவில் நின்று பார்த்தது. செய்தியாளர்கள் ஒரு சிறு விமானத்தில் மேலே வட்டமிட்டார்கள். தனிமையைக் கெடுக்கிறார்களே என்று அவருக்குக் கோபம்.

மே 28 ஞாயிறு மாலை பிளிமத். கரையில் இரண்டரை லட்சம் பேர் கூடியிருந்ததாகக் கணக்கிட்டார்கள். நூற்றுக்கணக்கான படகுகள் எதிர்கொண்டு அழைத்துவந்தன. இரவு 8.56-க்குக் கோட்டைத் தாண்டியதும் அதே ராயல் வெஸ்டர்ன் சங்கத்தின் பீரங்கி வெடித்தது. திரும்பி வர 119 நாள். மொத்தம் 226 நாள், சுமார் 29,600 மைல். தான் வைத்த 100 நாள் இலக்கை அவர் இரண்டு முறையும் எட்டவில்லை. இதைப் பற்றி அவருக்கு இருந்த வருத்தம் வேறு யாருக்கும் இல்லை. ஜூலையில் கிரீனிச்சில் அரசி எலிசபெத், 400 ஆண்டுகளுக்கு முன் முதலாம் எலிசபெத் கடலோடி டிரேக்குக்குப் பட்டம் கொடுத்தபோது பயன்படுத்திய வாளாலேயே இவர் தோளையும் தொட்டார். அதே மாதம் படகின் படத்தோடு தபால்தலை வந்தது. நம் வளாகத்தில் தபால்தலை சேர்ப்பவர்கள் 1 ஷில்லிங் 9 பென்னி மதிப்புள்ள அதைத் தேடிப் பாருங்கள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. 1968-ல் எங்குமே நிற்காமல் உலகைச் சுற்றும் பந்தயம் நடந்தபோது நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். டொனால்டு க்ரோஹர்ஸ்ட் அனுப்பிய வேகக் கணக்குகளைப் பார்த்ததும் இது நம்பும்படி இல்லை என்று முதலில் சந்தேகப்பட்டவர்களில் அவர் ஒருவர். கணக்கில் அவரை ஏமாற்ற முடியாது. 1971-ல் புதிய படகில் 4,000 மைலை 20 நாளில் கடக்க முயன்று, 22 நாளில் முடித்தார்.

1972 ஜூனில் பிளிமத்தில் மறுபடியும் அட்லாண்டிக் பந்தயம். வயது 70. நோய் திரும்பியிருந்தது. வலிக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்த முறையும் தடுக்கவில்லை. புறப்பட்ட சில நாட்களிலேயே முடியாமல் படகைத் திருப்பினார். செய்தி சரியாக எட்டாததால் கரையில் பதற்றம். விமானங்கள் தேடின. பிரெஞ்சு வானிலைக் கப்பல் ஒன்று உதவ நெருங்கியது. உதவி வேண்டாம் என்றே அவர் தெரிவித்தார். நெருங்கிய கப்பல் அவர் படகில் உரசிப் பாய்மரத்தைச் சேதப்படுத்தியது. திரும்பும் வழியில் அதே கப்பல் ஓர் அமெரிக்கப் படகின் மேல் மோதியதில் அந்தப் படகிலிருந்த 7 பேர் இறந்தார்கள். பிறகு கைல்ஸும் கடற்படையினரும் படகில் ஏறி அவரை பிளிமத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த 7 பேரைப் பற்றிச் சொல்லாமல் சிசெஸ்டரின் கதையை முடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. போகும் கிழவரைப் போகவிட வேண்டும் என்று இவ்வளவு நேரம் நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன். 1966-ல் ஷீலா தடுக்காதது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1972-ல் தடுத்திருக்க வேண்டுமா? அவர் உதவி கேட்கவில்லை என்பது உண்மை. தேடாமல் இருக்கக் கரையில் இருப்பவர்களுக்கு மனம் வராது என்பதும் உண்மை. ஹாஸ்லரின் கொள்கை காகிதத்தில் எழுதச் சுலபமாக இருந்தது. உங்கள் வீட்டில் இது பேச்சாக வந்தால் நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று அடுத்த இதழுக்கு எழுதுங்கள். பெரியவர்களும் எழுதலாம், பிள்ளைகளும் எழுதலாம்.

சிசெஸ்டர் 1972 ஆகஸ்ட் 26 அன்று பிளிமத்தில் இறந்தார். உலகைச் சுற்றக் கிளம்பி மறுநாளோடு 6 ஆண்டுகள். ஷெர்வெல் கிராமத்தில், அப்பா பாதிரியாராக இருந்த தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

லண்டனில் பிள்ளைகள் இருப்பவர்கள் கிரீனிச் போனால் 'ஜிப்ஸி மாத் 4'-ஐத் தேட வேண்டாம், இப்போது அங்கே இல்லை. 30 ஆண்டுகளுக்கு மேல் கரையிலேயே நின்று மரமெல்லாம் பாழாகிக் கிடந்தது. நன்கொடை திரட்டிச் சீரமைத்து 2005-ல் மீண்டும் கடலில் இறக்கி, இளைஞர்களை ஏற்றிக்கொண்டு இன்னொரு உலகச் சுற்றுக்கு அனுப்பினார்கள். வழியில் பசிபிக் கடலில் ஒரு பவளப் பாறையில் ஏறி உடைந்தது. நியூசிலாந்தில் பழுது பார்த்து ஓட்டி, 2007 மே 28 அன்று பிளிமத் கொண்டுவந்து சேர்த்தார்கள். சிசெஸ்டர் வந்து இறங்கிய நாளிலிருந்து அன்றோடு 40 ஆண்டுகள்.